கூரையைப் பழுதுபார்ப்பவர் ஒருவர், பணம் கொடுப்பவர் நாம்: லீஸ் வீடுகளின் சேவைக் கட்டணம்

அண்மையில் எமது ஆலோசனை மேசைக்கு ஒரு சகோதரி வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் பிரிக்கப்படாத கடிதங்கள் ஏழெட்டு. கிழக்கு லண்டனில் மூன்று தளங்களும் ஒன்பது வீடுகளும் கொண்ட ஒரு கட்டிடத்தில், கீழ்த்தளத்தில் அவர்கள் வீடு.

"நானா, கூரை மாத்தப் போறாங்களாம். எங்கட பங்கு மட்டும் 6,400 பவுண்டாம். கூரை எங்கட தலைக்கு மேலயா இருக்கு? ஒழுகுறது மேல் மாடிக்காரங்களுக்குத்தானே?" என்று கேட்டார்.

நியாயமாகத் தோன்றும் கேள்விதான். ஆனால் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. லீஸ் பத்திரம் அப்படிச் சொன்னால், கீழ்த்தளத்தில் இருப்பவரும் கூரைக்குப் பங்கு கொடுக்க வேண்டும். மேல் மாடிக்காரர் கீழ்வாசல் கதவுக்கும் அஸ்திவாரத்துக்கும் பங்கு கொடுப்பதைப் போலத்தான் இதுவும். அவருக்கு உண்மையான நஷ்டம் வேறோர் இடத்தில் இருந்தது. பையிலிருந்த கடிதங்களில் ஒன்று, கூரை வேலை பற்றிக் கருத்துச் சொல்ல 30 நாள் அவகாசம் தந்த முதல் அறிவிப்பு. அந்த அவகாசம் முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. இரண்டாவது அறிவிப்பும் அதே பையில்தான் கிடந்தது. அதற்கு இன்னும் ஒன்பது நாள் மீதமிருந்தது.

ஊரில் வீடு வாங்கினால் மண்ணும் சுவரும் கூரையும் நம்முடையவை. ஓடு உடைந்தால் நாமே ஆள் பிடித்து மாற்றுவோம். இங்கிலாந்தில் ஃபிளாட் வாங்குகிறபோது பெரும்பாலும் அப்படி அல்ல. நாம் வாங்குவது 99 ஆண்டுக்கோ 125 ஆண்டுக்கோ அதற்கு மேலோ அந்த வீட்டை அனுபவிக்கும் உரிமையை. நிலமும் கட்டிடமும் ஃப்ரீஹோல்டருக்குச் சொந்தம். அவர் தனியாராகவோ கம்பெனியாகவோ கவுன்சிலாகவோ ஹவுசிங் அசோசியேஷனாகவோ இருக்கலாம். கூரை, வெளிச்சுவர், படிக்கட்டு, பொதுவான குழாய்கள் ஆகியவற்றைப் பழுதுபார்ப்பது வழக்கமாக அவருடைய கடமை. அதற்கான செலவு, லீஸில் சொன்ன விகிதப்படி, நம்மிடமிருந்து வசூலிக்கப்படும். அதுவே சேவைக் கட்டணம்.

யார் பழுதுபார்க்க வேண்டும், யார் பணம் தர வேண்டும் என்பவை இரண்டு வெவ்வேறு கேள்விகள். நம்மவர்கள் பலர் இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழம்பிவிடுகிறார்கள். "அது லேண்ட்லார்ட் வேலை" என்று சொல்லிக் கடிதத்தை ஒதுக்கி வைப்பவர் முதல் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லியிருக்கிறார்.

ஆகவே முதலில் லீஸ் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். வீடு வாங்கியபோது சொலிசிட்டர் கொடுத்திருப்பார். இல்லையென்றால் லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் கட்டணம் செலுத்திப் பிரதி பெறலாம். முழுவதையும் படிக்கத் தேவையில்லை. உங்கள் வீடு என்று அது எதை வரையறுக்கிறது, ஃப்ரீஹோல்டர் எதைப் பழுதுபார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார், நீங்கள் எதற்கெல்லாம் எந்த விகிதத்தில் பணம் தர ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள் என்ற பகுதிகளைத் தேடுங்கள். சுவரின் உட்பூச்சு, தரைப் பலகை, குளியலறைச் சாமான், உங்கள் வீட்டுக்கு மட்டும் தண்ணீர் கொண்டுவரும் குழாய் ஆகியவை பெரும்பாலும் உங்கள் பொறுப்பாக இருக்கும். ஜன்னல்தான் எப்போதும் வில்லங்கம். சில பத்திரங்களில் கண்ணாடி நமக்கு, சட்டம் ஃப்ரீஹோல்டருக்கு. சிலவற்றில் இரண்டுமே ஒருவருக்கு. நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பத்திரத்தைப் பார்க்காமல், அனுமதியும் கேட்காமல், சொந்தச் செலவில் எல்லா ஜன்னல்களையும் மாற்றியது. பிறகு கட்டிடம் முழுவதற்கும் ஜன்னல் மாற்றியபோது அவர்களுக்கும் பில் வந்தது. ஜன்னல் ஃப்ரீஹோல்டருடையது என்று பத்திரத்தில் தெளிவாக எழுதியிருந்தது.

மேல் வீட்டிலிருந்து தண்ணீர் கசிந்தால் என்ன செய்வது என்றும் அடிக்கடி கேட்கிறார்கள். பொதுக் குழாய் உடைந்திருந்தால் ஃப்ரீஹோல்டர் சரிசெய்ய வேண்டும். மேல் வீட்டுக்கு மட்டுமான குழாய் என்றால் பெரும்பாலும் அந்த வீட்டுக்காரர். நனைந்த உங்கள் கூரைப் பூச்சுக்குக் கட்டிடக் காப்புறுதியில் கோர இடமிருக்கலாம். அதன் பிரீமியத்தை நீங்களும் சேவைக் கட்டணத்தில் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள், எனவே காப்புறுதி விவரங்களைக் கேட்டுப் பெற உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. சோபாவும் கம்பளமும் அதில் சேராது. அவற்றுக்குத் தனிக் காப்புறுதி வேண்டும். யாருடைய குழாய் என்று மேல் வீட்டாரோடு வாசலில் நின்று சண்டை பிடிப்பதற்கு முன், ஏஜெண்டுக்குப் புகைப்படத்தோடு ஒரு ஈமெயில் அனுப்பிவிடுங்கள். போனில் சொன்னது பிறகு சாட்சிக்கு வராது.

இனி பணத்துக்கு வருவோம். இதில் நமக்குத் துணையாக இருப்பது 1985ஆம் ஆண்டின் லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் சட்டம். பெரும்பாலான ஃபிளாட்டுகளில் போலச் செலவைப் பொறுத்துக் கட்டணம் மாறும் இடங்களில், செலவு நியாயமான அளவில் இருக்க வேண்டும், வேலை நியாயமான தரத்தில் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. பில்லோடு உங்கள் உரிமைகளையும் கடமைகளையும் விளக்கும் ஒரு தாள் இணைக்கப்பட வேண்டும். ஃப்ரீஹோல்டரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். இவை இல்லாவிட்டால், அவை வந்து சேரும்வரை பணத்தை நிறுத்தி வைக்கலாம். ஆனால் இது தள்ளிப்போடுவதுதான், தள்ளுபடி அல்ல. சரியான பில் வந்ததும் கடன் மீண்டும் வந்து நிற்கும்.

பழைய செலவுகளுக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு செலவு ஏற்பட்டு 18 மாதங்களுக்குள் பில் வர வேண்டும். அல்லது "இப்படி ஒரு செலவு ஏற்பட்டிருக்கிறது, உங்கள் பங்கைப் பிறகு கேட்போம்" என்று எழுத்தில் அறிவித்திருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அந்தச் செலவுக்கு நீங்கள் பொறுப்பல்ல. திடீரென மூன்று வருடத்துக்கு முந்தைய படிக்கட்டுப் பெயின்டுக்குப் பில் வந்தால், முதலில் தேதியைப் பாருங்கள்.

பெரிய வேலைகளுக்கான விதி 20ஆம் பிரிவில் இருக்கிறது. ஏதேனும் ஒரு வீட்டின் பங்கு 250 பவுண்டைத் தாண்டும் என்றால், ஃப்ரீஹோல்டர் முன்கூட்டியே கலந்தாலோசிக்க வேண்டும். வழக்கமாக முதல் கடிதம் என்ன வேலை, ஏன் தேவை என்று சொல்லும். அதற்கு 30 நாளில் கருத்துச் சொல்லலாம், உங்களுக்குத் தெரிந்த ஒப்பந்தக்காரரையும் முன்மொழியலாம். அடுத்த கடிதம் குறைந்தது இரண்டு மதிப்பீடுகளைத் தரும். அவற்றில் ஒன்றாவது ஃப்ரீஹோல்டரோடு தொடர்பில்லாதவரிடமிருந்து வந்திருக்க வேண்டும். அதற்கும் 30 நாள். இந்த முறையைப் பின்பற்றாவிட்டால் ஒரு வீட்டிடமிருந்து 250 பவுண்டுக்கு மேல் வசூலிக்க முடியாது.

இதைக் கேட்டதும் சிலர் மகிழ்ந்துவிடுகிறார்கள்: "எனக்குச் சரியாக அறிவிக்கவில்லை, 250 கொடுத்தால் போதும்." அவசரப்படாதீர்கள். கலந்தாலோசனையிலிருந்து விலக்குத் தரும்படி ஃப்ரீஹோல்டர் தீர்ப்பாயத்தைக் கேட்க முடியும். 2013இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், அந்தக் குறைபாட்டால் குடியிருப்போருக்கு உண்மையில் என்ன பாதிப்பு ஏற்பட்டது என்பதே முக்கியம் என்று கூறியது. அந்தப் பாதிப்பை எடுத்துக்காட்டும் பொறுப்பு நம் மேல் விழுகிறது. "கடிதம் வரவில்லை" என்பதைவிட, "கடிதம் வந்திருந்தால் இந்த வேலைக்கு இவரிடம் இவ்வளவுக்கு மதிப்பீடு வாங்கித் தந்திருப்பேன், இதோ பாருங்கள்" என்பதற்கே எடை அதிகம்.

மீதமிருந்த ஒன்பது நாளில் அந்தச் சகோதரியோடு உட்கார்ந்து இரண்டு மதிப்பீடுகளையும் வரிவரியாகப் பார்த்தோம். ஒழுகுவது பின்பக்கம் மட்டும். சாரமோ நான்கு பக்கமும் போடக் கணக்கிட்டிருந்தார்கள். முழுக் கூரையையும் மாற்ற வேண்டும் என்று சொன்ன சர்வேயர் அறிக்கை இணைக்கப்படவில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமாக, பழைய பில்களைப் புரட்டியபோது, ஒவ்வொரு வருடமும் ரிசர்வ் ஃபண்ட் என்ற பெயரில் ஒரு தொகை பிடித்திருப்பது தெரிந்தது. 6,400 பவுண்டில் அது கழிக்கப்படவே இல்லை.

ரிசர்வ் ஃபண்ட் ஃப்ரீஹோல்டரின் சொந்தப் பணம் அல்ல. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பொதுவாக, வசூலித்த சேவைக் கட்டணம் கட்டணம் செலுத்துவோருக்காக அவர் கையில் இருக்கும் டிரஸ்ட் பணம். நம் மொழியில் சொன்னால் அமானிதம். அதற்குக் கணக்குக் கேட்பது சண்டை பிடிப்பது ஆகாது. செலவுகளின் சுருக்கத்தை எழுத்தில் கேளுங்கள். அது கிடைத்து ஆறு மாதங்களுக்குள் கேட்டால், ரசீதுகளையும் பில்களையும் நேரில் பார்க்கலாம்.

அந்தச் சகோதரியின் கடிதத்தில் மூன்று கேள்விகள் மட்டுமே இருந்தன: சாரம் ஏன் நான்கு பக்கமும், சர்வேயர் அறிக்கை எங்கே, ரிசர்வ் ஃபண்டில் எவ்வளவு இருக்கிறது. படிக்கட்டில் சந்திக்கும்போது தலையசைப்பதோடு நின்றுவிடும் அண்டை வீட்டார் ஐந்து பேரும் அதில் கையெழுத்திட்டார்கள். ஒரு வீட்டார் போலிஷ்காரர்கள், ஒரு வீட்டார் வங்காளிகள். எல்லோருக்கும் அதே 6,400தானே!

கோபத்தில் பணத்தை முழுமையாக நிறுத்துவதுதான் நாம் அதிகம் காணும் தவறு. "ரிப்பேர் செய்யவில்லை, அதனால் கட்டவில்லை" என்பது கேட்க நியாயமாக இருந்தாலும் ஆபத்தான வழி. தாமதத்துக்கு வட்டி கேட்கலாம் என்று பல பத்திரங்களில் எழுதியிருக்கிறது. வட்டியைத் தவிர்க்கவென்றே வாழ்க்கையில் எவ்வளவோ சிரமப்படும் குடும்பம், பிரிக்காத ஒரு கடிதத்தால் வட்டி கட்டும் நிலைக்கு வந்துவிடக் கூடாது. நினைவூட்டல் கடிதத்துக்கும் கட்டணம் போடுவார்கள் (அதுவும் நியாயமானதாக இருக்க வேண்டும், கேள்வி கேட்கலாம்). நிலுவை 350 பவுண்டைத் தாண்டினாலோ மூன்று வருடத்துக்கு மேல் நீண்டாலோ, தொகை உறுதிசெய்யப்பட்ட பின், லீஸையே பறிக்க நடவடிக்கை எடுக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அது அரிதாகவே கடைசிவரை போகும். ஆனால் அந்த மிரட்டல் கடிதம் வந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது.

பணம் கட்டிவிட்டால் உரிமை போய்விடும் என்ற பயமும் வேண்டாம். கட்டிய காரணத்தால் மட்டும் நீங்கள் அந்தத் தொகையை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்று சட்டமே சொல்கிறது. "ஆட்சேபத்தோடு செலுத்துகிறேன்" என்று ஒரு வரி எழுதி, கட்டிவிட்டு, பிறகு முதல்நிலைத் தீர்ப்பாயத்தின் சொத்துப் பிரிவுக்குப் போகலாம். கட்டணம் நியாயமா, யார் எவ்வளவு தர வேண்டும் என்று தீர்மானிப்பது அதன் வேலை. அங்கே வக்கீல் இல்லாமலும் பேசலாம். விண்ணப்பிக்கும்போது, ஃப்ரீஹோல்டர் தன் வழக்குச் செலவைச் சேவைக் கட்டணத்தில் ஏற்றாதிருக்க 20சி பிரிவின்படி உத்தரவு கேட்க மறக்காதீர்கள். மறந்தால், உங்களுக்கு எதிராக வாதாடிய வக்கீலின் பில்லும் அடுத்த வருடம் உங்கள் வீட்டுக்கே வரக்கூடும்.

ரைட் டு பை மூலம் கவுன்சில் வீட்டை வாங்கியவர்களுக்கு ஒரு தனிச் செய்தி. முதல் ஐந்து வருடங்களில், விற்பனைக்கு முன் கவுன்சில் தந்த 125ஆம் பிரிவு அறிவிப்பில் மதிப்பிட்ட தொகைக்கு மேல், விலைவாசி உயர்வைத் தவிர, பழுதுபார்ப்புக்கு வசூலிக்க முடியாது. அந்த அறிவிப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெரிய பில்லுக்கு வட்டியில்லாத தவணை தரும் கவுன்சில்களும் உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள்.

இஸ்லாமிய வங்கியின் வீட்டுத் திட்டத்தில் வாங்கியவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பல திட்டங்களில், தவணை முடியும்வரை வங்கியின் பெயரில்தான் பதிவு இருக்கும். அதனால் 20ஆம் பிரிவு அறிவிப்பு வங்கியின் முகவரிக்குப் போய்விடலாம். பணம் கட்டுவது நீங்கள், கடிதம் அங்கே. வங்கிக்கும் ஏஜெண்டுக்கும் எழுதி, எல்லா அறிவிப்புகளின் பிரதியையும் உங்களுக்கு அனுப்பும்படி இப்போதே கேட்டு வையுங்கள்.

2024இல் லீஸ் வீடுகளுக்குப் புதிய சட்டம் நிறைவேறியதை அறிந்திருப்பீர்கள். அதன் பகுதிகள் படிப்படியாகவே நடைமுறைக்கு வருகின்றன. எனவே வாட்ஸ்அப்பில் வரும் "இனி இது கட்ட வேண்டாம்" போன்ற செய்தியை நம்பிப் பணத்தை நிறுத்தாதீர்கள். லீஸ்ஹோல்ட் அட்வைசரி சர்வீஸ் என்ற அரசு நிதியில் இயங்கும் அமைப்பு இலவசமாக ஆலோசனை தருகிறது. அங்கே கேட்டு உறுதி செய்யுங்கள்.

எமது மேசைக்கு வருபவர்கள் லீஸ் பத்திரம், கடைசி மூன்று வருடப் பில்கள், ஏஜெண்டோடு நடந்த கடிதப் போக்குவரத்து ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். கடிதம் வந்த உறையையும் எறியாமல் கொண்டு வாருங்கள். தபால் முத்திரையின் தேதி சில நேரம் பில்லில் இருக்கும் தேதியோடு ஒத்துப்போவதில்லை.