நீடு உழைக்கும் பொருள்கள்

நுழையும்முன்

பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசுவதும், அறுந்த செருப்பைத் தைத்து அணிவதும், கிழிந்த குடைக்குத் துணி மாற்றுவதும் தமிழர் இல்லங்களில் இயல்பாக இருந்த வழக்கங்கள். இன்றோ, பழுதுபட்டதை எறிந்துவிட்டுப் புதியதை வாங்குவதே எளிதாகிவிட்டது. மின்சார வாகனங்கள் பெருகிவரும் இக்காலத்தில், ஒரு பொருளின் ஆயுளை முடிவு செய்வது எது என்னும் வினா முதன்மை பெறுகிறது. அதற்கான விடையைத் திருவரங்கமும் பொன்மலையும் காட்டுகின்றன.

தேய்மானத்தை எதிர்நோக்கிய மரபு

காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த திருவரங்கத் தீவில், ஏழு திருச்சுற்றுகளோடு அமைந்துள்ளது அரங்கநாதர் கோவில். கருங்கல் நெடுங்காலம் நிற்கும். ஆனால், கோபுரத்துச் சுதைச் சிற்பங்களும் மேல்தளங்களும் மரக்கதவுகளும் வெயிலிலும் மழையிலும் தேய்ந்துகொண்டே இருப்பவை. இதனை நன்கறிந்தவர்கள் நம் முன்னோர். கோவில்களில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு நடத்தவேண்டும் என்னும் மரபில், வழிபாட்டோடு பராமரிப்பும் இணைந்திருக்கிறது. குடமுழுக்கிற்கு முன்னர்த் திருப்பணி நடைபெறும். அப்போது கோபுரத்தில் வேரூன்றிய செடிகள் அகற்றப்படும்; நீர்க்கசிவு அடைக்கப்படும்; சிதைந்த சுதை வேலைகள் சீராக்கப்படும்.

திருவரங்கத்தில் 2015ஆம் ஆண்டு குடமுழுக்கையொட்டி விரிவான திருப்பணி நடைபெற்றது. மரபுவழித் தொழில்நுட்பங்களைப் பின்பற்றிச் செய்யப்பட்ட அப்பணிக்காக, ஆசிய பசிபிக் பகுதிக்கான யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பாதுகாப்பு விருது 2017ஆம் ஆண்டு இக்கோவிலுக்குக் கிடைத்தது. பழுது வரும் என்பதை முன்னரே ஏற்றுக்கொண்டு, அதனைச் சீர்செய்யக் காலமும் முறையும் கலைஞரும் வகுத்துவைத்த ஏற்பாடே அக்கட்டடத்தின் நீண்ட ஆயுளுக்குக் காரணம்.

பொன்மலையில் புத்துயிர் பெறும் பொறிகள்

கட்டடத்திற்குப் பொருந்தும் இவ்வுண்மை இயந்திரத்திற்கும் பொருந்துமா? காவிரியின் தென்கரையில், திருச்சிராப்பள்ளி நகரின் ஒரு பகுதியாக விளங்கும் பொன்மலை இதற்கு விடை கூறுகிறது. தென்னிந்திய இரயில்வே நிறுவனம் நாகப்பட்டினத்தில் இயங்கிய தன் பணிமனையை 1920களின் பிற்பகுதியில் இங்கு மாற்றியது. நீலகிரி மலை இரயிலின் நீராவிப் பொறிகள் முழுமையான பராமரிப்புக்காக இப்பணிமனைக்கே வருகின்றன.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் செல்லும் அம்மலைப்பாதையின் செங்குத்தான பகுதியில், ஏறத்தாழ 12 அடி தொலைவுக்கு 1 அடி உயரம் ஏறவேண்டும். வழுக்காமல் ஏறுவதற்காகத் தண்டவாளங்களின் நடுவே பல்தண்டு பதிக்கப்பட்டுள்ளது. பொறியின் பல்சக்கரம் அதனைப் பற்றி மேலேறும். இதற்கான 'எக்ஸ்' வகைப் பொறிகள், சுவிட்சர்லாந்து நாட்டின் விண்டர்தூர் நகரில் வடிவமைக்கப்பட்டு 1914 முதல் இங்கு வந்தன. அவற்றுக்குரிய உதிரிப்பாகங்கள் இன்று எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. ஆயினும் அப்பொறிகள் ஓய்ந்துவிடவில்லை. தேய்ந்த பாகத்தை அளந்து, வரைந்து, வார்த்து, கடைந்து மாற்றிவிடும் திறன் தொழிலாளரிடம் இருந்தது. அத்திறனின் வளர்ச்சியாக, 2010க்குப் பிந்தைய ஆண்டுகளில் அதே வகையைச் சேர்ந்த புதிய நீராவிப் பொறிகளையே பொன்மலை உருவாக்கித் தந்தது.

பழைய பொறி சிறந்தது, புதியது தாழ்ந்தது என்று இதற்குப் பொருளன்று. நீராவிப் பொறி எரிபொருளை மிகுதியாக விழுங்கும், புகையைக் கக்கும், இடைவிடாத கவனிப்பையும் வேண்டும். அதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம் ஒன்றே: அதனைக் கழற்றலாம், பார்க்கலாம், மீண்டும் பூட்டலாம்.

ஆயிரம் மணி நேர விளக்கு

பொருள்களின் ஆயுள் எப்போதும் இயற்கையாகவே முடிவதில்லை. 1924ஆம் ஆண்டு, உலகின் முன்னணி மின்விளக்கு நிறுவனங்கள் சில ஜெனீவாவை மையமாகக் கொண்டு 'ஃபீபஸ்' என்னும் கூட்டமைப்பை உருவாக்கின. இழை விளக்கின் ஆயுள் 1,000 மணி நேரமாக இருக்கவேண்டும் என்று அவை வரையறுத்தன. அதனினும் கூடுதலாக எரியும் விளக்குகளைத் தயாரித்த உறுப்பினர்கள் தண்டம் செலுத்த நேர்ந்தது. நீடித்து எரியும் விளக்கை உருவாக்கும் அறிவு இருந்தும், விற்பனை குறையும் என்னும் கவலை அவ்வறிவைக் கட்டிப்போட்டது.

மூடிய பெட்டியும் திறந்த வாய்ப்பும்

மின்சார வாகனம் இயல்பிலேயே நீண்ட ஆயுளுக்கு ஏற்றது. பெட்ரோல் பொறியில் பிஸ்டன், வால்வு, கிளட்ச், பல்லிணைகள் என ஒன்றோடொன்று உராயும் பாகங்கள் பல. மின்மோட்டாரிலோ சுழலும் பாகங்கள் மிகச் சில. எண்ணெய் மாற்றவேண்டியதில்லை, புகைப்போக்கி துருப்பிடிப்பதுமில்லை. இவ்வாறிருக்க, அதன் ஆயுளைப் பற்றிய ஐயம் எங்கிருந்து பிறக்கிறது?

வாகன விலையில் பெரும்பங்கு வகிக்கும் மின்கலத் தொகுதியிலிருந்து பிறக்கிறது. வெளியே ஒரே பெட்டியாகத் தோன்றினாலும், அதனுள்ளே பல சிறு மின்கலங்கள் தொடராகவும் பக்கவாட்டிலும் இணைக்கப்பட்டுள்ளன. தொடரிணைப்பில் ஒரு கலம் நலிந்தாலும் அது முழுத் தொகுதியின் திறனையும் மட்டுப்படுத்தும். பெட்டியைத் திறந்து நலிந்த பகுதியை மட்டும் மாற்றமுடிந்தால் செலவு குறைவு. பசையால் ஒட்டியும் பற்றவைத்தும் மூடிவிட்டால், முழுத் தொகுதியையும் மாற்ற நேரிடும்.

மூடுவதற்கும் காரணங்கள் உண்டு. நீரும் தூசியும் புகக்கூடாது. அதிர்வில் இணைப்புகள் தளரக்கூடாது. பயிற்சி இல்லாதவர் திறந்தால் மின்தாக்குதலும் தீயும் நேரலாம். இவை மறுக்க இயலாதவை. எனினும், பாதுகாப்புக்காக மூடுவது வேறு. பழுதுநீக்கவே இயலாதவாறு மூடுவது வேறு. திருகாணியால் இறுக்கிய மூடியும் நீரைத் தடுக்கும். மேலும், சில கருவிகளில் புதிய பாகத்தைப் பொருத்தினாலும், நிறுவனத்தின் மென்பொருள் ஒப்புதல் அளிக்காதவரை அது இயங்காது. இத்தகைய பூட்டுக்குப் பாதுகாப்பு மட்டுமே காரணம் என்று கூறிவிட முடியாது.

இதில் உரிமையாளரின் பணம் மட்டுமன்றித் தெருமுனைப் பட்டறைகளின் எதிர்காலமும் அடங்கியிருக்கிறது. ஒலியைக் கேட்டே பழுதை உணரும் மெக்கானிக்கிடம், ஸ்பேனரோடு மின்னளவி, பயிற்சி, பழுதுநீக்கக் கையேடு ஆகியனவும் சேர்ந்தால் அவர் புதிய காலத்திலும் தொழில் செய்வார். அவை மறுக்கப்பட்டால் அவருடைய பட்டறை மட்டுமன்றி, அங்கே தொழில் பழகும் இளைஞரின் வாய்ப்பும் மூடப்படும்.

தெரிந்து தெளிவோம்

பழுதுநீக்கும் உரிமை: தாம் வாங்கிய பொருளைத் தாமோ, தாம் விரும்பும் தொழிலாளரைக் கொண்டோ சீர்செய்துகொள்ள நுகர்வோருக்குள்ள உரிமை. பிரான்சு நாடு 2021 முதல், கைப்பேசி, மடிக்கணினி உள்ளிட்ட சில பொருள்கள் எவ்வளவு எளிதில் பழுதுநீக்கத்தக்கவை என்பதைப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என விற்பனையின்போதே காட்டச் செய்தது. இந்திய நுகர்வோர் நலத்துறை 2022 சூலையில் இவ்வுரிமைக்கான வரைச்சட்டகத்தை உருவாக்கக் குழு அமைத்தது. அதே ஆண்டு வெளியான மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்தப்பட்ட மின்கலங்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளரிடம் ஒப்படைத்தன.

வாங்குமுன் ஒரு வினா

சட்டம் தன் பணியைச் செய்யும். அதனோடு, வாங்குவோரின் வினாக்களும் உற்பத்தியை மாற்றும் ஆற்றல் பெற்றவை. வேகம் எவ்வளவு, ஒருமுறை மின்னேற்றினால் எவ்வளவு தொலைவு ஓடும் என்று கேட்பதோடு, பழுதுபட்டால் யார் சீர்செய்வார், உதிரிப்பாகம் எத்தனை ஆண்டுகள் கிடைக்கும், மின்கலத் தொகுதியைப் பகுதி பகுதியாக மாற்றமுடியுமா என்றும் கேட்கவேண்டும்.

அழியாப் பொருள் என்று எதுவுமில்லை. தேய்ந்ததைச் சீராக்க வழியும், அவ்வழி அறிந்த கைகளும் உள்ளவரை பொருள் வாழும். திருவரங்கத்துச் சுதைக் கலைஞரும் பொன்மலைத் தொழிலாளரும் தம் செயலால் உணர்த்தும் பாடம் இதுவே. நாளைய மின்சார வாகனம் மலை இரயிலைப்போல் தலைமுறைகளைக் காணுமா, ஆயிரம் மணி நேர விளக்கைப்போல் அணையுமா என்பது அதனை வடிவமைப்போர் கையிலும், வாங்குவோர் கையிலும் உள்ளது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டில் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பயன்படும் பொருள்களைப் பட்டியலிட்டு, அவை நீடித்து உழைப்பதற்கான காரணங்களை எழுதுக.
2. உங்கள் ஊரிலுள்ள பழுதுநீக்கும் தொழிலாளர் ஒருவரிடம் நேர்காணல் செய்து, அவர் வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுக்க.
3. 'பாதுகாப்பும் பழுதுநீக்கும் உரிமையும்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.