பட்டிழையும் கைத்தூய்மையும்

நுழையும்முன்

நோய் தீர வேண்டிச் செல்லும் இடம் மருத்துவமனை. அங்கேயே புதியதொரு நோய் பற்றிக்கொள்வதும் உண்டு. கண்ணுக்குப் புலப்படாத அந்தப் பகையை மனிதர் அறிந்துகொண்ட வரலாற்றையும் அதனைத் தடுக்க வகுத்துக்கொண்ட நெறிகளையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆரணி, வெம்பாக்கம் வட்டாரங்களில் பட்டு நெசவு தலைமுறை தலைமுறையாக வரும் தொழில். பட்டுப்புழுவின் கூட்டிலிருந்து எடுத்த நூலில் இயற்கையான பசை படிந்திருக்கும். கொதிநீரில் இட்டு அப்பசையைப் போக்கிய பின்னரே நூல் மென்மையும் பளபளப்பும் பெற்றுச் சாயத்தை ஏற்கும். பாவில் ஓர் இழை அறுந்தால், முடிச்சு இருப்பதே தெரியாதபடி அதனை இணைப்பதில் நெசவாளரின் கைத்திறன் விளங்கும்.

அதே பட்டிழைக்கு மற்றொரு வாழ்வும் உண்டு. நெடுங்காலமாக அறுவை மருத்துவர்கள் குருதிக்குழாயைக் கட்டவும் புண்ணைத் தைக்கவும் பட்டு நூலைப் பயன்படுத்தி வந்தனர். இன்றும் சில தையல்களுக்கு அதனைப் பயன்படுத்துகின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஐரோப்பிய அறுவை மருத்துவர்கள் தையல் நூல்களைத் தம் மேலங்கியின் பொத்தான் துளையில் தொங்கவிட்டிருப்பர். குருதி தோய்ந்து விறைத்துப்போன அந்த அங்கி அவர்களது அனுபவத்தின் அடையாளமாகவே மதிக்கப்பட்டது. நூல் வலிமையானது, முடிச்சும் பழுதற்றது. ஆயினும், தைத்த புண்கள் சீழ்ப்பிடித்தன. பலமாக முறுக்கிப் பின்னிய இழைகளின் இடுக்கில் ஈரம் ஏறும். ஈரத்தோடு நுண்ணுயிரிகளும் ஏறும் என்பதை அன்று எவரும் அறிந்திருக்கவில்லை.

உண்மையின் ஒரு பகுதி வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் வெளிப்பட்டது. அங்கு இரண்டு மகப்பேற்றுப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள் பயின்றனர். மற்றொன்றில் மகப்பேற்றுத் தாதியர் பயின்றனர். 1846ஆம் ஆண்டில் முதற்பிரிவில் நூற்றுக்குப் பதினொரு தாய்மார் காய்ச்சல் கண்டு இறந்தனர். இரண்டாம் பிரிவில் நூற்றுக்கு மூவர்கூட இறக்கவில்லை. கட்டடமும் உணவும் பெரிதும் வேறுபடவில்லை. அங்குப் பணியாற்றிய இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் இவ்வேறுபாட்டின் காரணத்தைத் தேடி அலைந்தார். 1847இல் அவருடைய நண்பர் ஒருவர், பிணக்கூறாய்வின்போது கத்தி பட்டு ஏற்பட்ட காயத்தால் மாண்டார். அவர் உடலில் காணப்பட்ட மாற்றங்கள், இறந்த தாய்மாரின் உடலில் கண்டவற்றையே ஒத்திருந்தன. மருத்துவ மாணவர்கள் பிணக்கூறாய்வு அறையிலிருந்து நேராக மகப்பேற்று அறைக்கு வந்தனர். தாதியர் பிணக்கூறாய்வு செய்வதில்லை. வேறுபாடு இவ்வளவே.

குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவிய பிறகே தாய்மாரைத் தொட வேண்டும் என்று அவர் விதித்தார். ஏப்ரல் மாதத்தில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த இறப்பு, ஜூன் மாதத்தில் நூற்றுக்கு இரண்டளவாகக் குறைந்தது. இத்தனை தெளிவான சான்று இருந்தும் மருத்துவ உலகம் அவரை ஏற்கவில்லை. ஏன் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. உயிர் காக்க நீட்டிய கையே உயிரைப் பறித்தது என்பதை ஒப்புக்கொள்வது எந்த மருத்துவருக்கும் எளிதன்று. செம்மல்வைஸ் 1865இல் மனநோயர் இல்லம் ஒன்றில் இறந்தார். புண்ணில் ஏற்பட்ட தொற்றே அவரது உயிரையும் கொண்டது.

அவர் மறைந்த அதே ஆண்டில், கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர் என்னும் அறுவை மருத்துவர் கார்பாலிக் அமிலத்தால் புண்ணைத் தூய்மை செய்யும் முறையைத் தொடங்கினார். லூயி பாஸ்டரின் நுண்ணுயிரி ஆய்வுகள் அவருக்கு வழிகாட்டின. பின்னர்ச் சுவிட்சர்லாந்தின் தியோடர் கோக்கர், ஆட்டுக்குடலிலிருந்து செய்த தையல் நூலே பல புண்களில் தொற்றுக்குக் காரணமாவதைக் கண்டு, நன்கு கிருமி நீக்கிய பட்டு நூலுக்கு மாறினார். பட்டின் மீது இருந்த பழி நீங்கியது. பழி இழையினது அன்று. அதனைக் கையாண்ட முறையினது.

தெரியுமா?

அறுவை அரங்கில் இரப்பர்க் கையுறை நுழைந்தது நோயாளியைக் காப்பதற்காக அன்று. 1889ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கரோலின் ஹாம்ப்டன் என்னும் செவிலியரின் கைத்தோல் கிருமிநாசினியால் வெடித்துப் புண்ணானது. அவர் கைகளைக் காக்கவே வில்லியம் ஹால்ஸ்டெட் என்னும் அறுவை மருத்துவர் மெல்லிய கையுறைகளைச் செய்வித்தார். நோயாளிக்கும் அது காப்பு என்பது பின்னரே உணரப்பட்டது.

கருவிகளையும் நூலையும் கொதிக்கவைக்கலாம். நோயாளியின் குருதியில் இருப்பதை எவ்வாறு அறிவது? இவ்வினாவுக்கான விடையில் தமிழகத்துக்கும் பங்குண்டு. 1986ஆம் ஆண்டு வரை எச்.ஐ.வி. கிருமி இந்தியாவுக்குள் வரவில்லை என்றே பலர் நம்பியிருந்தனர். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பயின்ற நிர்மலா, தம் ஆசிரியர் சுனிதி சாலமன் அவர்களின் வழிகாட்டுதலில், சென்னையில் பெண்கள் சிலரின் குருதி மாதிரிகளைத் திரட்டினார். சோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. ஆரணிக்கு வடமேற்கே ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அவை கொண்டுசெல்லப்பட்டன. ஆறு மாதிரிகளில் கிருமியின் அடையாளம் தென்பட்டது. அமெரிக்காவில் நடந்த மறுசோதனையும் அதனை உறுதி செய்தது.

இல்லை என்று நம்பப்பட்ட கிருமி, எவரும் அறியாமல் ஏற்கெனவே நாட்டில் இருந்தது. கண்ணாடி ஊசிக்குழல்களைக் கொதிக்கவைத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்திய காலம் அது. அதன்பின் சில ஆண்டுகளிலேயே குருதி வங்கிகளில் எச்.ஐ.வி. சோதனை கட்டாயமாயிற்று. அதே காலத்தில் உலகெங்கும் ஒரு புதிய நெறி வேரூன்றியது. நோய் உள்ளவர் இவர், இல்லாதவர் இவர் என்று பிரித்துப் பார்க்காமல், எவருடைய குருதியாயினும் உடல்நீராயினும் தொற்று உடையது எனக் கருதியே கையாள வேண்டும் என்பது அந்நெறி. இதில் மற்றொரு நன்மையும் உண்டு. எல்லார்க்கும் ஒரே காப்பு என்னும்போது, நோயுற்ற ஒருவரைத் தனியே சுட்டி ஒதுக்க வேண்டிய தேவை இல்லாமற் போகிறது.

இன்று ஓர் அரசு மருத்துவமனைக்குள் நுழையும் மாணவர், இந்நெறியின் சுவடுகளை எங்கும் காணலாம். மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய நிறக் கலன்கள், 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி வைக்கப்பட்டவை. ஊசிமுனைகள் துளைபடாத வெள்ளைக் கலனில் இடப்படுகின்றன. குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளரின் விரலில் ஊசி குத்தினால், அவ்விரல் வழியே மஞ்சள் காமாலைக் கிருமியும் ஏறலாம். மருத்துவமனையில் மிகக் குறைவாகப் பேசப்படுபவரும் மிகுந்த இடருக்கு உள்ளாபவரும் அவரே. படுக்கையருகே தொங்கும் கைத்தேய்ப்பு நீர்மத்தை இருபது முதல் முப்பது நொடி வரை தேய்க்க வேண்டும். சோப்பும் நீரும் எனில் நாற்பது முதல் அறுபது நொடி வரை ஆகும். நோயாளியைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் மட்டுமன்றி, அவருடைய படுக்கையையோ பொருளையோ தொட்ட பின்னும் கைத்தூய்மை வேண்டும் என்கிறது உலக நலவாழ்வு அமைப்பு. வளரும் நாடுகளில் உள்நோயாளிகள் நூறு பேரில் ஏறத்தாழப் பதினைந்து பேருக்கு மருத்துவமனையிலேயே ஏதேனும் ஒரு தொற்று ஏற்படுவதாக அவ்வமைப்பின் 2022ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது.

நம் நாட்டில் நோயாளியுடன் உறவினரும் மருத்துவமனைக்கு வருவர். கஞ்சி புகட்டுவதும் உடல் துடைப்பதும் பெரும்பாலும் அவர்களே. அந்த அன்பைத் தடை செய்வது முறையாகாது. ஆனால், செவிலியர்க்குக் கற்பிக்கும் கைத்தூய்மையை அவர்களுக்கும் கற்பிக்க வேண்டியுள்ளது.

2018ஆம் ஆண்டு மே மாதம் கேரளத்தின் கோழிக்கோட்டுப் பகுதியில் இது கண்கூடாயிற்று. பேராம்பிரா வட்ட மருத்துவமனைக்குக் காய்ச்சலுடன் வந்த இளைஞருக்கு என்ன நோய் என்பது எவருக்கும் தெரியாது. அவர் இறந்த பின்னர், அவருடைய சகோதரரும் நோயுற்ற நிலையிலேயே அது நிபா என்னும் வைரசுத் தொற்று எனக் கண்டறியப்பட்டது. அதற்குள் நோயாளிகள், உடனிருந்த உறவினர்கள், பணியாளர்கள் எனப் பலர்க்கு அது பரவிவிட்டது. நோயுற்றோரில் பெரும்பாலோர்க்கு அது மருத்துவமனையிலேயே தொற்றியிருந்தது. அவ்விளைஞருக்குப் பணிவிடை செய்த செவிலியர் லினி மே 21 அன்று உயிர்நீத்தார். இரு சிறு குழந்தைகளின் தாய் அவர். தனிமைப் பிரிவில் இருந்தபடி, இனிக் காண இயலாது என்று உணர்ந்து, கணவருக்கு ஒரு கடிதம் எழுதிவைத்திருந்தார்.

மறு ஆண்டு எர்ணாகுளத்தில் ஒரு மாணவருக்கு நிபா கண்டது. இம்முறை தனிமைப் பிரிவும் காப்புடையும் உடனிருந்தோரைக் கண்காணிக்கும் ஏற்பாடும் விரைந்து செயற்பட்டன. மாணவர் பிழைத்தார். அவரிடமிருந்து வேறு ஒருவருக்கும் நோய் பரவவில்லை.