அறுவை அரங்கிற்கு வருமுன்: நகையும் நகப்பூச்சும் மருதாணியும்

ஒரத்தநாட்டிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் அறுவை சிகிச்சைக்கு வரும் தாய்மார்களிடம், மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் என்ற முறையில் நான் கேட்கும் முதற் கேள்விகளுள் ஒன்று, மூக்குத்தியைக் கடைசியாக எப்போது கழற்றினீர்கள் என்பது. "கல்யாணத்தப்பப் போட்டதுங்க" என்பதே பலருடைய மறுமொழி. நாற்பது ஆண்டுகளாகத் திறக்காத திருகு அது. அறுவை நாளின் விடியற்காலையில் அதனோடு போராடுவது நோயாளருக்கும் வேதனை, செவிலியருக்கும் வேதனை. இரண்டு நாள் முன்னதாகவே ஊர்ப் பத்தரிடம் சென்றால் ஐந்து நிமிட வேலை.

எந்த நகையை அணிவது, நகத்திற்கு எந்த நிறம் பூசுவது என்பன அவரவர் விருப்பம். அதில் மருத்துவருக்குக் கருத்துச் சொல்ல இடமில்லை. ஆனால் அரங்கின் வாசலில் "எல்லாத்தையும் கழட்டுங்க" என்று மட்டும் சொல்லி, காரணத்தைச் சொல்லாமல் விடுவது எங்கள் பக்கத்துக் குறை. அதனால்தான் மெட்டியின்மேல் பிளாஸ்திரி ஒட்டி மறைத்துக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

முதலில் நகப்பூச்சு. கொரோனாக் காலத்தில் வீடுதோறும் விரலில் மாட்டிப் பார்த்த பல்ஸ் ஆக்ஸிமீட்டரை அனைவரும் அறிவோம். 1970களில் ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அவோயாகி கண்ட நெறி அது. கருவியின் ஒரு பக்கத்திலிருந்து சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் நகத்தையும் சதையையும் ஊடுருவிச் செல்கின்றன. ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் சிவப்பு ஒளியைக் குறைவாகவே உறிஞ்சும். ஆக்சிஜன் குறைந்த இரத்தம் மிகுதியாக உறிஞ்சும். இந்த வேறுபாட்டிலிருந்தே எண் கணக்கிடப்படுகிறது. நலமாக இருப்போர்க்கு அது 95க்கு மேல் இருக்கும். கறுப்பு, கருநீலம், பச்சை போன்ற அடர்நிறப் பூச்சு அந்த ஒளியை இடையிலேயே விழுங்கி, எண்ணைச் சற்றுக் குறைத்துக் காட்டக்கூடும். புதிய கருவிகளில் இந்தப் பிழை சிறிதுதான். எனினும் உண்மையில் 94 இருப்பவருக்கு 91 என்று காட்டினால், தேவையற்ற கவலையும் தேவையற்ற சிகிச்சையும் தொடங்கிவிடும்.

கருவியைவிட எனக்கு முக்கியமானது வெறும் நகம். இரத்தசோகையில் அது வெளுக்கும். மூச்சு முட்டும்போது நீலம் பாயும். நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு வினாடிக்குள் செம்மை திரும்ப வேண்டும். தாமதமானால் இரத்த ஓட்டம் தளர்ந்திருக்கிறது என்று பொருள். ஆகவே கை, கால் இரண்டிலும் நகப்பூச்சை அகற்றிவிட்டு வாருங்கள். எளிதில் அகலாத ஜெல் பூச்சையும் ஒட்டு நகத்தையும் பூசிய இடத்திலேயே முன்கூட்டி எடுத்துவிடுவது நல்லது.

மருதாணி வேறு கதை. தோலில் அது இரண்டு வாரத்தில் மங்கும். நகத்திலோ நகம் வளர்ந்து வெளியேறும்வரை மாதக்கணக்கில் நிற்கும். சுரண்ட வேண்டாம். அரைத்து இட்ட மருதாணியின் செந்நிறம் கருவியைப் பெரிதும் குழப்புவதில்லை. தேவையானால் காது மடலில் மாட்டிக்கொள்வோம். கடையில் விற்கும் "கறுப்பு மருதாணி"தான் தொல்லை. தலைமுடிச் சாயத்தில் உள்ள வேதிப்பொருளைக் கலப்பதால் அது தோலைக் கொப்புளிக்கச் செய்வதுண்டு.

மூக்குத்தியைக் கழற்றச் சொல்வது, மயக்கத்தின்போது முகமூடியும் சுவாசக்குழாயும் அவ்விடத்திற்கு வருவதால். தளர்ந்த திருகு தொண்டைக்குள் விழுந்தால் மூச்சுக்குழாய்க்குப் போய்விடும். மற்ற நகைகளைக் குறித்து, மின்சாரத்தால் வெட்டி இரத்தத்தை அடைக்கும் கருவி உலோகத்தின் வழியே தோலைச் சுடும் என்ற அச்சம் உண்டு. இன்றைய கருவிகளில் அவ்வாய்ப்பு மிகக் குறைவு. அறவே இல்லை என்று சொல்ல முடியாது.

தாலியைக் கழற்றச் சொல்லும்போது நோயாளரைவிட உடன் வந்த மாமியாரின் முகமே முதலில் வாடும். பொன் தாலியை வீட்டில் வைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சள் கட்டி அணிந்து வரும் வழக்கம் நம் பகுதியில் உண்டு. கழுத்திலோ மார்பிலோ அறுவை இல்லையெனில் நான் அதைத் தடுப்பதில்லை. ஆபத்து நேரத்தில் கழுத்து நரம்பில் ஊசி ஏற்ற நேர்ந்தால் அந்தக் கயிற்றை வெட்டுவோம் என்பதையும் முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். எம்.ஆர்.ஐ. அறைக்கு மட்டும் எந்த உலோகத்திற்கும் விலக்கில்லை. தங்கத்தைக் காந்தம் இழுக்காதுதான். ஆனால் உலோகம் சூடேறலாம், முலாம் பூசிய நகைக்குள்ளே இரும்பு இருக்கலாம்.

மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு ஆகியவற்றில் நான் அஞ்சுவது வீக்கத்தை. அறுவைக்குப் பின் கையும் காலும் வீங்கும். கருவுற்ற தாய்மாருக்குக் கடைசி மாதங்களில் வீங்கும். இறுகிய மோதிரம் விரலின் இரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். அறுவை அரங்கைவிட வயலில் இதன் ஆபத்து பெரிது. நடவிலோ களை பறிக்கையிலோ கண்ணாடி விரியன் கடித்தால் கால் விரைவாக வீங்கும். மெட்டியையும் கொலுசையும் அந்த இடத்திலேயே, வீக்கம் தொடங்குமுன் கழற்றிவிட வேண்டும். கயிற்றால் இறுகக் கட்டாமல், கீறாமல், காலை அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.

வீங்காத விரலில் மோதிரம் இறுகியிருந்தால் கையைச் சிறிது நேரம் உயர்த்திப் பிடித்து, சோப்போ எண்ணெயோ தடவுங்கள். அப்போதும் வராவிட்டால் நூலின் ஒரு முனையை மோதிரத்தின் அடியில் நுழைத்து, மறு முனையை விரல் நுனி நோக்கி நெருக்கமாகச் சுற்றுங்கள். பின்பு நுழைத்த முனையை மெல்ல அவிழ்த்தால் மோதிரம் நூலின்மேல் ஏறி நகர்ந்துவரும். விரல் நீலமாகவோ மரத்தோ இருந்தால் இதில் நேரம் போக்காதீர்கள். இங்கே வெட்டி எடுப்போம். மோதிரத்தைப் பத்தர் மீண்டும் ஒட்டித் தருவார்.

கழற்றிய நகையைத் தலையணையின்கீழ் வைக்க வேண்டாம். குடும்பத்தில் ஒருவர் எண்ணிப் பெற்று, அன்றே வீட்டிற்குக் கொண்டுசெல்லட்டும். மூக்குத்தித் துளை பழையதானாலும் சிலருக்குச் சில நாளில் சுருங்கத் தொடங்கும். எனவே மயக்கம் முழுதும் தெளிந்து, மருத்துவர் சரி என்றவுடன் அதைத் திரும்ப அணிந்துகொள்ளலாம்.