‘கம்யூட்’: ஒரு சொல், மூன்று வேலை

டோம்பிவிலியிலிருந்து சி.எஸ்.எம்.டி.க்கு (நாம் இன்னும் வி.டி. என்றுதான் சொல்கிறோம்) தினமும் லோக்கல் ரயிலில் போய்வரும் நம்மவர்களை ஆங்கிலப் பத்திரிகைகள் ‘கம்யூட்டர்’ என்கின்றன. ஓய்வுபெறப் போகிறவரிடம், ‘பென்ஷனை கம்யூட் செய்கிறீர்களா?’ என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். குடியரசுத் தலைவர் தூக்குத் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தால் அதுவும் ‘கம்யூட்’தான். ரயிலுக்கும் பென்ஷனுக்கும் தூக்குக்கும் என்ன உறவு என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி.

இச்சொல்லின் லத்தீன் மூலத்துக்கு, ஒன்றை மாற்றி வேறொன்றைக் கொள்வது என்று பொருள். பயணம் என்ற பொருளே அதில் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ரயில் கம்பெனிகள், புறநகரிலிருந்து நாள்தோறும் வருவோருக்கு, தினசரிக் கட்டணத்துக்குப் பதில் மொத்தமாகச் செலுத்தும் சலுகைச் சீட்டை விற்றன. அதன் பெயர் ‘கம்யூட்டேஷன் டிக்கெட்’. நம் சீசன் பாஸுக்கு அண்ணன்! அதை வைத்திருந்தவர் கம்யூட்டர் ஆனார். அவர் போய்வந்ததும் கம்யூட் ஆயிற்று.

ஆகவே வீட்டுக்கும் வேலைக்கும் (அல்லது கல்லூரிக்கும்) இடையே வாடிக்கையாகப் போய்வருவதற்கே இச்சொல் பொருந்தும். பொங்கலுக்கு ஊர் போனதைப் பிள்ளைகள் ‘ஐ கம்யூட்டட் டு மதுரை’ என்று எழுதினால் திருத்துங்கள். அங்கே ‘டிராவல்ட்’ போதும். ‘மை கம்யூட் டேக்ஸ் ஆன் அவர்’ எனப் பெயர்ச்சொல்லாகவும் வரும்.

பென்ஷன் விஷயத்தில் பொருள் புரியாமல் கையெழுத்துப் போடக்கூடாது. இங்கும் மாதாமாதம் வருவதை விட்டுக்கொடுத்து மொத்தத் தொகையாக மாற்றிக் கொள்கிறோம். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள மத்திய அரசு ஊழியர் 40 சதவீதம் வரை மாற்றலாம். 60 வயதில் ஓய்வுபெறுபவருக்குப் பென்ஷன் 30,000 ரூபாய் என்றால், மாதம் 12,000 ரூபாயை விட்டுக்கொடுத்து, 8.194 என்ற காரணியின்படி சுமார் 11,80,000 ரூபாய் பெறுவார். விட்ட பகுதி 15 ஆண்டுகள் கழித்தே திரும்பச் சேரும். அதற்குள் விட்டுக்கொடுத்தது 21,60,000 ரூபாய். மகளின் திருமணம், வீட்டுக் கடன் என்று கை நீட்டும் தேவை இருந்தால் அது லாபமாகவும் இருக்கலாம், அவரவர் கணக்கு. அகவிலைப்படி மட்டும் குறைக்காத முழுப் பென்ஷன் மீதே கிடைக்கும். ஓய்வுபெற்ற ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மருத்துவப் பரிசோதனையும் வேண்டியதில்லை.