இறால் ஓட்டிலிருந்து காயக்கட்டு

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டின் மீன் பகுதியில், இறால் உரிக்கும் பெண்மணிகளின் காலடியில் ஓடுகள் குவிந்து கிடப்பதைப் பலரும் கண்டிருப்பர். அண்மையில் அங்குச் சென்றபோது, ஓர் அம்மையாரின் விரலில் அழுக்குத் துணி சுற்றியிருக்கக் கண்டேன். "என்னம்மா காயம்?" என்று வினவினேன். "இறால் முள் குத்திவிட்டது ஐயா, பத்து நாளாகியும் ஆறவில்லை" என்றார். புண்ணை ஆற்றும் கட்டுக்குரிய மூலப்பொருள் அவர் காலடியிலேயே குப்பையாகக் கிடந்தது!

அது எவ்வாறு எனக் காண்போம். இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டில் கைட்டின் என்னும் பொருள் உள்ளது. பிரெஞ்சு அறிஞர் பிராக்கொன்னோ 1811-ஆம் ஆண்டில் இதனை முதன்முதலாகக் காளானில் கண்டறிந்தார். ஓட்டை நீர்த்த அமிலத்தில் இட்டால் சுண்ணாம்புச் சத்து நீங்கும். நீர்த்த காரத்தில் காய்ச்சினால் புரதம் நீங்கும். எஞ்சும் கைட்டினைச் செறிந்த காரத்தில் சூடாக்கினால் கைட்டோசான் கிடைக்கும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதற்கான செய்முறையை வகுத்துள்ளது.

கைட்டோசானுக்கு இரு நற்குணங்கள் உண்டு. ஒன்று, குருதிப் பெருக்கை நிறுத்துதல். மற்றொன்று, பாக்டீரியாவின் மேலுறையைப் பற்றிச் சிதைத்தல். இதனாற் செய்த கட்டுக்கு அமெரிக்க அரசு 2002-இல் அனுமதி அளித்தது. போர்க்களங்களிலும் அது பயன்பட்டது.

இதனினும் ஒரு படி மேலே செல்வது நானோ முறை. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். நெல்லை மாவாக்கினால் நீர்படும் பரப்பு மிகுவதுபோல, பொருளை நானோ துகளாக்கினால் கிருமியைத் தொடும் பரப்பு பன்மடங்கு பெருகும், சிறிதளவே போதுமானதாகும். கொச்சி அமிர்தா நிறுவன ஆய்வாளர்கள், கைட்டோசானில் துத்தநாக ஆக்சைடு நானோ துகள்களைக் கலந்து செய்த நுண்துளைக் கட்டினைப் பற்றி 2012-இல் வெளியிட்டனர். அது கிருமிகளைத் தடுத்ததோடு, எலிகளின் காயங்களையும் விரைந்து ஆற்றியது.

இவ்வாராய்ச்சி இன்று மிகவும் வேண்டற்பாலது. மருந்துகளை அரைகுறையாக உட்கொள்வதால், அவற்றுக்கு அடங்காத கிருமிகள் பெருகி வருகின்றன. நீரிழிவுடைய உழவர் ஒருவர் காலில் பட்ட சிறு வெட்டும் காலையே இழக்கச் செய்யலாம்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. துகள்களின் அளவு மிகுந்தால் நம் தோலின் உயிரணுக்களும் கெடும். எலிக்கு ஏற்றது மனிதருக்கும் ஏற்றதெனச் சோதனையால் மெய்ப்பித்தல் வேண்டும். ஆகவே இறால் ஓட்டை இடித்துப் புண்ணில் அப்புதல் பெருந்தவறு. அதிலுள்ள அழுக்கும் புரதமும் தீங்கு விளைக்கும்.

நாம் இன்றே செய்யத்தக்கவை சில உள. காயத்தைத் தூய நீராலும் சோப்பாலும் கழுவித் தூய துணியால் மூடுக. சாணமோ மண்ணோ இடாதீர். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று, மருத்துவர் கூறினால் தனுர்வாயு ஊசி போட்டுக்கொள்க. நீரிழிவுடையோர் நாள்தோறும் பாதங்களைப் பார்த்துக்கொள்க. கடற்கரை ஊர்ப் பஞ்சாயத்து உறுப்பினர்கள், இறால் ஓட்டைப் பிற குப்பையோடு கலவாமல் தனியே சேர்க்க ஏற்பாடு செய்தல் நலம். அழுகுமுன் உலர்த்திய ஓடே ஆலைக்கு உதவும்.

அந்த அம்மையார் நான் வற்புறுத்திய பின்னர் மருத்துவமனைக்குச் செல்ல இசைந்தார். நம் ஊரில் அவ்வாறு வற்புறுத்த வேண்டியவர்கள் எத்தனை பேர் என்பதை ஒவ்வோர் உறுப்பினரும் எண்ணிப் பார்ப்பாராக.