மாசி மாதத் தோட்டக் குறிப்புகள்

விடியற்காலையில் பனி, பத்து மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில். செடிகளுக்கு மாசி மாதம் மிக முக்கியமான காலம். இப்போது நட்டு வேர் பிடித்துவிட்ட செடி சித்திரை வெயிலைத் தாங்கிவிடும். பங்குனிக் கடைசியில் நடும் செடிக்குக் குடம் குடமாக ஊற்றினாலும் வாட்டம் போகாது. நர்சரிக்குப் போகும் எண்ணம் இருந்தால் தள்ளிப்போடாமல் இந்த மாதமே போய்விடுங்கள். எங்கள் ஊர் நர்சரியில் இப்போது என்ன வந்திருக்கிறது, எதை வாங்கலாம், எதை விடலாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

1. நர்சரி வாசலில் டேலியா, பெட்டூனியா, ஆஸ்டர் எல்லாம் பூத்துக் குலுங்குகின்றன. மார்கழியில் விற்ற விலையைவிட இப்போது குறைவு. ஆனாலும் வேண்டாம். இவை குளிரில் பூக்கும் செடிகள். வெயில் ஏறியதும் காய்ந்துவிடும். நான் டேலியாத் தொட்டியைக் கையில் எடுத்ததுமே, "பங்குனி வெயிலுக்கு இது நிக்காதும்மா, உள்ள மல்லி வந்திருக்கு பாருங்க" என்று நர்சரிக்காரரே சொல்லிவிட்டார். அதே காசுக்குச் செம்பருத்தி, இட்லிப்பூ, நந்தியாவட்டை, அரளி வாங்கலாம். தொட்டியில் வண்ணம் வேண்டும் என்றால் டேபிள் ரோஸ் போதும். ஒரு கிளையை ஒடித்து ஊன்றினாலே வளரும், வெயில் கூடக் கூடப் பூக்கும்.

2. குண்டுமல்லிக் கன்றுகள் ராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடம் பக்கமிருந்து வந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் மல்லிக் கன்றுக்குப் பேர்போன இடம் அது. பூ இருக்கிறதா என்று பார்த்து வாங்காதீர்கள். அடித்தண்டு பென்சில் கனம் இருக்கிறதா, புதுத் துளிர் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். நாள் முழுக்க வெயில் விழும் இடத்தில், தண்ணீர் தேங்காத மண்ணில் நட வேண்டும். நிழலில் வைத்தால் இலையாகவே வளரும்.

வீட்டில் ஏற்கெனவே மல்லிச்செடி இருந்தால் இப்போது கவாத்து செய்யவே கூடாது. அதற்குரிய காலம் நவம்பர் கடைசி வாரம். தரையிலிருந்து 50 செ.மீ. உயரம் விட்டு வெட்டுவார்கள். அதைத் தவறவிட்டவர்கள் மாசியில் கத்தரியைத் தூக்கினால் பங்குனி, சித்திரைப் பூ மொத்தமும் போய்விடும். காய்ந்த குச்சிகளை மட்டும் எடுத்துவிட்டு, தூரைச் சுற்றி லேசாகக் கொத்தி, இரண்டு கை மண்புழு உரம் போட்டுத் தண்ணீர் விடுங்கள்.

3. எந்தச் செடி வாங்கினாலும் இலையைத் திருப்பிப் பாருங்கள். நடு நரம்பு ஓரத்திலும், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கிலும் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியதுபோல் இருந்தால் அது மாவுப்பூச்சி. தண்டில் எறும்பு சாரை சாரையாக ஏறினாலும் சந்தேகப்படுங்கள். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புக்காகத்தான் எறும்பு வருகிறது. வெயில் ஏற ஏற இந்தப் பூச்சி வேகமாகப் பெருகும். புதுச்செடியைப் பத்து நாளாவது மற்றச் செடிகளிலிருந்து தள்ளி வைத்துப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும்.

இதில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருக்கக் காரணம் உண்டு. 2008-ல் கோவையில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி மட்டுமல்லாமல் மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று பாய்ந்து விவசாயிகளைப் படாதபாடு படுத்தியது. மருந்து அடித்து அடித்தும் அடங்கவில்லை. 2010-ல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு சின்ன ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்துத் தோட்டங்களில் விட்ட பிறகுதான் கட்டுப்பட்டது. வீட்டுத் தோட்டத்தில் கடும் விஷமருந்து அடித்தால் இப்படி நமக்கு உதவும் குளவிகளும் சேர்ந்து சாகும். ஆரம்பத்திலேயே கவனித்தால் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினாலே போதும். மீறிப் போனால், ஒரு லிட்டர் தண்ணீரில் சில சொட்டு சோப்புக் கரைசலை முதலில் கலந்து, பிறகு 5 மி.லி. வேப்பெண்ணெய் விட்டு நன்றாகக் கலக்கி, சாயங்காலம் தெளியுங்கள். சோப்பு இல்லாமல் எண்ணெய் தண்ணீரோடு சேராது. வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

4. நர்சரிகளில் விற்கும் அலங்காரச் செடிகளில் நிறைய ஆந்திராவில் ராஜமுந்திரியை அடுத்த கடியத்திலிருந்து லாரியில் வருபவை. பல செடிகளின் வேர்ப்பந்து களிமண்ணாக இருக்கும். அப்படியே நட்டால் களிமண் இறுகி, ஊற்றும் தண்ணீர் சுற்றிலும் வழிந்து போகும். வேர் காய்ந்தே கிடக்கும். நடுவதற்கு முன் பையோடு ஒரு வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் அமுக்கி வையுங்கள். குமிழி வருவது நின்றதும் எடுத்து, பையை பிளேடால் கீறிப் பிரித்து, வெளிப்பக்கக் களிமண்ணை விரலால் மெதுவாக உதிர்த்துவிட்டு நடுங்கள். தண்டைப் பிடித்து இழுக்கவே கூடாது.

5. நர்சரியில் நிழல்வலைக்குக் கீழே இருந்த செடியை வாங்கிவந்த அன்றே மொட்டை மாடி வெயிலில் வைக்காதீர்கள். ஒரு வாரம் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் இருக்கட்டும்.

6. ஒட்டு மா, ஒட்டு கொய்யா வாங்கினால் ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்கு மேலே இருக்கும்படி நட வேண்டும். அதற்குக் கீழே முளைக்கும் துளிரைப் பார்த்தவுடன் கிள்ளிவிடுங்கள்.

7. விதைக்க: வெண்டை, கொத்தவரை, வெள்ளரி, பீர்க்கன், பாகல், தண்டுக்கீரை. பாகல், பீர்க்கன் விதைகளை இரவு முழுக்க ஊறவைத்துப் போட்டால் சீக்கிரம் முளைக்கும். வெண்டையில் இலை நரம்புகள் மஞ்சளாகி வலைப்பின்னல்போல் தெரிந்தால், அது வெள்ளை ஈ பரப்பும் நோய். மருந்து கிடையாது. அந்தச் செடியை இரக்கப்படாமல் பிடுங்கிவிட்டால் மற்றவை பிழைக்கும்.

8. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம்.1 செடிமுருங்கை விதையும் கிடைக்கிறது. முளைத்து இரண்டு மாதத்தில் 75 செ.மீ. உயரம் வந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும். மனசு வராமல் விட்டுவிட்டால் ஒற்றைக் கம்பாக மேலே போய், காய் பறிக்க ஏணி தேட வேண்டியதுதான்.

9. மாமரம் பூத்து நிற்கும் நேரம் இது. பூவாக இருக்கும்போது நிறையத் தண்ணீர் கட்டினால் பூ உதிர்ந்து துளிர் கிளம்பும். பிஞ்சு பட்டாணி அளவு வந்த பிறகு தண்ணீர் விடத் தொடங்குங்கள். பூவின் மேல் எதையும் காலையில் தெளிக்காதீர்கள். ஈயும் தேனீயும் வந்துதான் காய் பிடிக்க வேண்டும்.

10. பனிக்காலத்தில் மந்தமாகி நின்ற கறிவேப்பிலை இனித் துளிர்க்கும். இலையை உருவாமல் கிளையோடு ஒடித்து எடுங்கள். ஒடித்த இடத்திலிருந்து பக்கக் கிளைகள் வரும். பூ, காய் வந்தால் கிள்ளிவிட வேண்டும்.

11. வேம்பும் புங்கனும் இலை கொட்டும் மாதம். தெருவெல்லாம் கூட்டிக் குவித்துக் கொளுத்துகிறார்கள். பார்க்கவே மனம் பதறுகிறது. கோடைக்கு இதைவிட நல்ல மூடாக்கு காசு கொடுத்தாலும் கிடைக்காது. ஒரு சாக்கு நிறைய அள்ளிவந்து தொட்டிகளில் இரண்டு, மூன்று அங்குலம் பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் நான்கு விரல் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் அழுகும். மிச்ச இலையைச் சாக்கிலேயே கட்டி, ஓரமாக வைத்து, அவ்வப்போது தண்ணீர் தெளித்து வந்தால் ஆடிப்பட்டத்துக்கு இலைமட்கு ஓரளவு தயாராகிவிடும்.

12. மாடித்தோட்டக்காரர்கள் தொட்டிகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்துவிடுங்கள், தளத்தின் சூடு வேருக்கு ஏறாது. 50 சதவீத நிழல்வலையைப் பங்குனி பாதிக்குள் கட்டிவிட வேண்டும். வலைக்கும் கம்பிக்கும் இப்போதே சொல்லி வைப்பது நல்லது, வெயில் ஏறிவிட்டால் கட்டுகிற ஆள் கிடைப்பதில்லை.