ஃபார்மட் போட்டாலும் போகாதது

குரோமைத் திறந்தால் ஊர்பேர் தெரியாத ஒரு தேடுபக்கம் வருகிறதா? முகவரிப் பட்டையில் எதையாவது தட்டினால், நடுவில் வேறொரு முகவரி மின்னி மறைந்து, நீங்கள் கேட்காத தளத்தில் போய் நிற்கிறதா? திரையின் மூலையில் 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்' என்று பெட்டி முளைக்கிறதா? அப்படியென்றால் சிஸ்டத்தைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்கு ஓடாதீர்கள். அங்கே சொல்லப்போவது 'ஃபார்மட்' என்ற ஒரே வார்த்தை. அதற்குத் தலையாட்டியதால் எங்கள் வீட்டில் போனது என்ன, அதன் பிறகும் போகாத சனியனை நான் எப்படிக் கழற்றினேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் சிவகாசிக்காரி. அச்சகங்களுக்கு வீட்டிலிருந்தே டிடிபி வேலை செய்து கொடுக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் கொடை நோட்டீஸ் என்று வரும். ஆடிப்பெருக்கு கழிந்துவிட்டால் காலண்டர் வேலை. பார்ட்டிக்காரர்கள் வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். அனுப்புவார்கள். அதை வேர்டாக மாற்றிவிட்டால் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டாம். கோடை விடுமுறைக்கு வந்திருந்த நாத்தனார் மகன், "அத்தை, இதுக்கு ஃப்ரீயாவே சாஃப்ட்வேர் இருக்கு" என்று ஒன்றை இறக்கிக் கொடுத்தான். அதோடு வந்து ஒட்டியதுதான் எல்லாமும்.

வீட்டுக்காரர் அந்தப் பையனைத் திட்டிய திட்டு இன்னும் எனக்கு ஆறவில்லை. 'கண்ட கண்ட தளத்துக்குப் போயிருப்பான்' என்றார். அவன் எங்கேயும் போகவில்லை. இலவச மென்பொருள் தரும் பக்கங்களில் 'டவுன்லோட்' என்று பெரிதாகப் பளிச்சிடும் பொத்தான்களில் பாதி விளம்பரம். உண்மையான இணைப்பு எங்கோ கீழே பொடி எழுத்தில் இருக்கும். இன்ஸ்டால் ஆகும்போது 'எக்ஸ்பிரஸ்' என்பதை அழுத்தினால் கூட இருக்கும் சரக்கெல்லாம் சேர்ந்து ஏறும். 'கஸ்டம்' என்பதை அழுத்தினால்தான் ஒவ்வொரு டிக்காக எடுத்துவிட முடியும். ஜாவா மாதிரியான பெரிய மென்பொருளே பல வருடம் ஆஸ்க் டூல்பாரை முன்கூட்டியே டிக் அடித்து அனுப்பியது. 2015-ல் சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தில், எங்களைப் போன்ற டிசைன்காரர்கள் இறக்கும் ஜிம்ப் மென்பொருளின் விண்டோஸ் பதிப்போடு விளம்பரச் சரக்கைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். 2016-ல் தளம் கை மாறிய பிறகுதான் அந்த வழக்கம் நின்றது. 2014-லும் 2015 தொடக்கத்திலும் விற்ற சில லெனோவோ லேப்டாப்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் பெட்டியைப் பிரிக்கும்போதே உள்ளே இருந்தது. கம்பெனிகளே ஏற்றி அனுப்பிய சரக்குக்கு ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் எப்படிப் பொறுப்பாவான்?

இது ஒரு வியாபாரம். உங்கள் தேடலைத் தன் முகவரி வழியாகத் திருப்பிவிட்டால், அங்கே விழும் விளம்பரச் சொடுக்குகளில் அனுப்பியவனுக்குப் பங்கு. அதனால்தான் கடைசியில் பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்த வேறொரு தேடுதளத்திலேயே போய் நிற்கும். கோப்புகளை அழிப்பதில் அவனுக்கு லாபம் இல்லை. நீங்கள் தொடர்ந்து தேடிக்கொண்டே இருந்தால்தான் காசு. 2017 ஜூனில் செக் பாயிண்ட் நிறுவனம், பெய்ஜிங்கைச் சேர்ந்த ரஃபோடெக் என்ற விளம்பர நிறுவனத்தின் ஃபயர்பால் என்ற இதே வகைச் சரக்கு உலகம் முழுக்க 25 கோடி கம்ப்யூட்டர்களில் இருப்பதாகவும், இந்தியாவில் மட்டும் சுமார் 2.5 கோடி என்றும் கணக்குச் சொன்னது. அந்தக் கணக்கு மிகை என்று மைக்ரோசாஃப்ட் மறுத்தது. எண்ணிக்கையில் சண்டை இருந்தாலும் தொழில் இதுதான் என்பதில் சண்டை இல்லை.

இப்போது கடைக்கு வருகிறேன்.

எனக்கு விருப்பமே இல்லை. வேலை நிற்கிறதே என்ற பதற்றத்தில் வீட்டுக்காரர் சி.பி.யு.வைத் தூக்கிக்கொண்டு போனார். நான் பின்னாலேயே போனேன். கடைத் தம்பி திரையை ஒரு நிமிஷம் பார்த்தார். "அக்கா, உள்ள பூரா வைரஸ். ஓ.எஸ். புதுசா போட்டாத்தான் சரியாகும்" என்றார். எந்த எக்ஸ்டென்ஷன் இருக்கிறது என்று பார்க்கவில்லை. எப்போதிலிருந்து இப்படி என்றுகூடக் கேட்கவில்லை. "டி டிரைவில் கை வைக்காதீங்க, என் வேலை எல்லாம் அதில்தான் இருக்கு" என்று இரண்டு பேர் காதிலும் விழும்படி சொன்னேன். "சி மட்டும்தான்கா" என்றார். வீட்டுக்காரரும் சரி என்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்த சிஸ்டத்தில் டி டிரைவ் என்று ஒன்று இருந்தது. உள்ளே எதுவும் இல்லை. கேட்டால், பழைய பார்ட்டிஷன் முறையில் புது விண்டோஸ் ஏறவில்லையாம், அதனால் எல்லாப் பார்ட்டிஷனையும் அழித்துப் புதிதாகப் பிரித்தாராம். எம்.பி.ஆர். முறையில் இருக்கும் டிஸ்க்கை ஜி.பி.டி. முறைக்கு மாற்றும்போது இன்ஸ்டாலரில் எல்லாப் பார்ட்டிஷனுக்கும் 'டெலிட்' கொடுத்தால் இப்படித்தான் ஆகும். ஒரு போன் அடித்துக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

போனவை: பல வருடத்துப் பத்திரிகை வடிவமைப்புகள், ஊர் ஊராகச் சேர்த்த சாமி படங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக என் எழுத்துருக்கள். யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருக்கள் அவை. அந்த எழுத்துரு இல்லாமல் பழைய பேஜ்மேக்கர் கோப்பைத் திறந்தால் தமிழே தெரியாது, ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். சில அச்சகங்களிடம் பழைய கோப்பு இருக்கிறது. அதைப் படிக்க வைக்கும் எழுத்துரு என்னிடம்தான் இருந்தது. ஃபோட்டோரெக் என்ற இலவச மீட்புக் கருவியை ஓட்டினேன். கொஞ்சம் வந்தது, பெயரே இல்லாமல். எது எந்த வீட்டுப் பத்திரிகை என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். புது விண்டோஸ் மேலே எழுதிய இடத்தில் இருந்தவை வரவே இல்லை.

இதெல்லாம் நடந்த பிறகு குரோமை இறக்கி, என் கூகுள் கணக்கில் நுழைந்தேன். புக்மார்க் வந்தது, பாஸ்வேர்டு வந்தது, கூடவே அதே தேடுபக்கமும் வந்தது.

நான் ஆரம்பத்திலிருந்து சொன்னது இதுதான்: சரக்கு டிஸ்க்கில் மட்டும் இல்லை. அது குரோமில் எக்ஸ்டென்ஷனாக உட்கார்ந்திருந்தது. சிங்க் போட்டிருந்ததால் அதன் பட்டியல் என் கூகுள் கணக்கில் பத்திரமாக இருந்தது. கணக்கில் நுழைந்ததும் குரோம் தன் கடமையைச் செய்து எல்லாவற்றையும் இறக்கிக் கொடுத்தது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினார்கள். பூச்சி ஏறிய பாய் பக்கத்து வீட்டில் இருந்தது. திரும்பவும் கடைக்குப் போனால், "ஹார்ட் டிஸ்க் மாத்திப் பார்க்கலாமா அக்கா?" என்கிறார். அன்றோடு அந்தக் கடைப் படியை நான் மிதிக்கவில்லை.

அதனால் எதையும் தொடுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். குரோமின் மேல் வலது மூலையில் உங்கள் படத்தை அழுத்தி 'கெஸ்ட்' சாளரத்தைத் திறங்கள். அதில் எக்ஸ்டென்ஷன் எதுவும் ஓடாது, கணக்கும் இருக்காது. அங்கே தேடல் ஒழுங்காக வேலை செய்தால், கோளாறு பெரும்பாலும் உங்கள் குரோம் புரொஃபைலுக்குள் இருக்கிறது. விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டிய அவசியமே இல்லை. அங்கேயும் தேடல் வேறு பக்கம் கடத்தப்பட்டால், விண்டோஸ் பக்கம் தேடுங்கள். கடையில் யாராவது இதைச் செய்து பார்த்திருந்தால் என் டி டிரைவ் இன்று இருக்கும்.

மற்றவை சுலபம். முதலில் வேலைக் கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்து, கேபிளைக் கழற்றி வைத்துவிடுங்கள். விண்டோஸ் 'செட்டிங்ஸ்', 'ஆப்ஸ்' போய், நிறுவிய தேதிப்படி அடுக்குங்கள். கோளாறு தொடங்கிய நாளில் வந்த அந்நிய மென்பொருள்கள் ஒரே கூட்டமாக நிற்கும், அவற்றை நீக்குங்கள். குரோமில் எக்ஸ்டென்ஷன் பக்கம் போய்ச் சந்தேகமானதை எடுங்கள். டெஸ்க்டாப்பில் குரோம் ஐகானை வலது சொடுக்கி 'பிராப்பர்ட்டீஸ்' பாருங்கள். 'டார்கெட்' பெட்டியில் குரோம் கோப்பின் பெயருக்குப் பின்னால் ஏதாவது இணைய முகவரி ஒட்டியிருந்தால் அழியுங்கள். விண்டோஸ் செட்டிங்ஸின் 'நெட்வொர்க்' பகுதியில் நீங்கள் போடாத பிராக்ஸி இருந்தால் அணையுங்கள். 'டாஸ்க் ஷெட்யூலர்' திறந்து, நேரம் வைத்து உலாவியைத் திறக்கும் வேலை இருக்கிறதா பாருங்கள்; மூலையில் முளைக்கும் பெட்டிகளுக்கு, குரோமின் 'நோட்டிஃபிகேஷன்' அனுமதிப் பட்டியலில் தெரியாத தளங்களை வெட்டுங்கள். பிறகு ஆட்வ்கிளீனரை ஓட்டுங்கள். 2011-லிருந்து இருக்கும் கருவி. 2016-ல் மால்வேர்பைட்ஸ் வாங்கியது. இலவசம், இன்ஸ்டால்கூட வேண்டாம். ஆனால் மால்வேர்பைட்ஸின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள்.

எக்ஸ்டென்ஷனை நீக்கவே முடியவில்லை, குரோம் மெனுவில் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று வருகிறது என்றால் பதற வேண்டாம். ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்காக இருக்கும் பாலிசி வசதியைக் கடத்தல்காரன் ரெஜிஸ்ட்ரியில் எழுதிவைத்துப் பயன்படுத்துகிறான். முகவரிப் பட்டையில் ஆங்கிலத்தில் குரோம், முக்காற்புள்ளி, இரண்டு சாய்வுக்கோடு, பாலிசி என்று அடித்தால் பட்டியல் தெரியும். வீட்டு சிஸ்டத்தில் அது காலியாகத்தான் இருக்க வேண்டும். காலியாக இல்லாவிட்டால், ரெஜிஸ்ட்ரியில் பாலிசீஸ், கூகுள், குரோம் என்ற வரிசையில் இருக்கும் பதிவைத் தேடுங்கள். அழிப்பதற்கு முன் 'எக்ஸ்போர்ட்' கொடுத்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் படிதான் என் வீட்டில் எல்லாவற்றையும் முடித்தது. சிங்கை நிறுத்துங்கள். கூகுள் கணக்கில் சேமித்த குரோம் தரவுப் பக்கத்துக்குப் போய் 'டெலிட் டேட்டா' கொடுங்கள். கூகுளிடம் இருக்கும் நகல்தான் அழியும். உங்கள் சிஸ்டத்தில் இருக்கும் புக்மார்க்கும் பாஸ்வேர்டும் அப்படியே இருக்கும். பிறகு குரோமை 'ரீசெட்' செய்யுங்கள். அதே கணக்கில் வேறு கம்ப்யூட்டர் இருந்தால் அதையும் சுத்தம் செய்த பின்னரே சிங்கைத் திரும்பப் போடுங்கள். இல்லையென்றால் அங்கிருந்து மறுபடி இறங்கும்.

ஒரு எச்சரிக்கை. இந்த வேலைக்கு யூடியூபில் இருக்கும் பல வீடியோக்கள், குரோமிலேயே 'கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்' என்ற பொத்தானை அழுத்தச் சொல்கின்றன. அந்த வசதியைக் கூகுள் 2023-லேயே எடுத்துவிட்டது. அதைத் தேடி ஒரு இரவை வீணாக்காதீர்கள். திரையில் 'மைக்ரோசாஃப்ட்' என்று சொல்லி ஒரு போன் நம்பர் வந்தால் அழைக்கவே அழைக்காதீர்கள். உண்மையான மைக்ரோசாஃப்ட் எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது. 'கிளீனர்' என்று காசு கேட்கும் மென்பொருளை வாங்கச் சொல்லி வீட்டுக்காரரின் நண்பர் வற்புறுத்தினார். வாங்கவில்லை, அதில் நான் உறுதியாக இருந்தது சரிதான். எல்லாம் முடிந்ததும் பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளைச் சுத்தமான ஒரு போனிலிருந்து மாற்றினேன். 'எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும்' அனுமதி பெற்ற எக்ஸ்டென்ஷன் என்ன பார்த்தது என்று யாருக்குத் தெரியும்?

மறுபடி வராமல் இருக்க, விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ரெப்யுடேஷன்' பாதுகாப்புப் பகுதிக்குப் போய், வேண்டாத ஆப்களைத் தடுக்கும் அமைப்பைப் போட்டுவிடுங்கள். 2020 மே மாதத்து விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அது வீட்டு சிஸ்டங்களிலேயே இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் கடைக்குப் போகத்தான் வேண்டும் என்றால், சிஸ்டத்தைக் கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். கெஸ்ட் சாளரத்தில் பார்த்தீர்களா? என் கோப்புகளை எந்த டிஸ்க்கில் நகல் எடுத்தீர்கள், காட்டுங்கள். பார்ட்டிஷனைத் தொட வேண்டி வந்தால் என்னைக் கேட்காமல் தொட மாட்டேன் என்று பில்லில் எழுதித் தருவீர்களா? மூன்றுக்கும் பதில் சொல்லும் கடைக்காரர் நல்ல தொழில்காரர், தாராளமாகக் கொடுக்கலாம். 'அதெல்லாம் நாங்க பார்த்துக்கிறோம் அக்கா' என்று சொன்னால் சி.பி.யு.வைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். வேலை ஒரு நாள் தாமதமானால் பார்ட்டிக்காரரிடம் பேசிச் சமாளிக்கலாம். போன கோப்புக்காகப் பேச அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.